கஸ்வானின் இரண்டு வெறுங்கைகள்

இருபத்தைந்து ரமலானாக நான் மோதிர ஆட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என் கையில் யாரும் மோதிரத்தை வைத்ததில்லை. காரணம் என் முகம்தான். பொய் சொல்லலாமா என்று நினைக்கும்போதே எனக்குக் காது சிவந்துவிடும். என் பெயர் ஹிக்மத், பாபுஷ் ஷெய்க் பேட்டையில் ஊறுகாய்க் கடை வைத்திருக்கிறேன். வெள்ளரிக்காய் இந்த வாரத்துச் சரக்கா என்று கேட்கிறவர்கள் என் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. காதைப் பார்த்துவிட்டு வாங்குவார்கள், அல்லது போய்விடுவார்கள். இப்படிப்பட்டவனை அணியில் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்றால், ஆள் எண்ணிக்கைக்காக. அறுபது பேர் வேண்டும். நான் அறுபதாவது.

ஆட்டம் மிகச் சுலபம். ஒரு பேட்டைக்காரர்கள் வரிசையாக உட்கார்வார்கள். அவர்களுடைய தலைவன் ஒரு போர்வைக்கு அடியில் கையை விட்டுக்கொண்டே வரிசை முழுக்கப் போவான். எல்லார் கையிலும் எதையோ வைப்பதுபோல் வைப்பான். ஒரே ஒரு கையில்தான் மோதிரம் இருக்கும். போர்வையை எடுத்ததும் அறுபது பேரும் இரண்டு முஷ்டிகளையும் நீட்டுவோம். எதிரணித் தலைவன் வந்து முகங்களைப் படிப்பான். மோதிரம் இல்லை என்று நிச்சயமானவனைப் பார்த்து "தலக்" என்பான். உன் இரண்டு கையும் வெறுங்கை, இறக்கிக்கொள் என்று அர்த்தம். கடைசியில் ஒருவன் முன்னால் நின்று "கொண்டா!" என்று அடிப்பான். அந்தக் கையில் மோதிரம் இருந்தால் புள்ளி அவர்களுக்கு, இல்லாவிட்டால் எங்களுக்கு. தோற்றவர்கள் பக்லாவாவும் ஜலேபியும் வாங்கித் தர வேண்டும். வென்றவர்களும் தோற்றவர்களும் ஒரே தட்டில் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவோம்.

என்னைப் பார்த்தால் எந்தத் தலைவனும் நடையைக்கூட நிறுத்துவதில்லை. போகிற போக்கில் "தலக்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் தலைவன் கஸ்வான். ஏர் கூலர் பழுதுபார்க்கிறவன். வெயில் ஏறும் முன்பே பேட்டையில் பாதிப் பேரின் கூலர் மோட்டார் அவன் கடையில் வரிசையாகக் கிடக்கும். எண்ணெய்க் கறை போகாத விரல்கள், லேசான தொப்பை, மீசைக்குள் எப்போதும் ஒரு சிரிப்பு. மூத்த மகள் பெயர் மைஸ் என்பதால் ஊர் அவனை அபூ மைஸ், மைஸின் அப்பா, என்று கூப்பிடும். நான் அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவன், பெயரைச் சொல்லியே கூப்பிடுவேன்.

முகம் படிப்பதில் அவனைப்போல ஒருவனை நான் பார்த்ததில்லை. ஒரு வருடம் தஜ்லா ஆற்றுக்கு அக்கரை அணி நூற்றிருபது பேரைக் கொண்டுவந்து உட்காரவைத்தது. கஸ்வான் ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கிற நேரத்தில் நூற்றுப்பத்தொன்பது பேரை "தலக்" சொல்லி இறக்கிவிட்டு, மிச்சமிருந்த தையல்காரரிடம் மரியாதையாக மோதிரத்தை வாங்கிக்கொண்டான். எப்படி என்று கேட்டால் மறைக்கவே மாட்டான். விதிகளை உரக்கச் சொல்வான். வெறுங்கைக்காரன் உன்னைப் பார்ப்பான், மோதிரக்காரன் உன்னைப் பார்க்காமலிருக்கப் பாடுபடுவான். மோதிரக்காரன் எல்லாருக்கும் முன்னால் சிரிப்பான். அவன் கண் எங்கே போனாலும் கட்டைவிரல் மட்டும் மோதிரத்தின்மேலேயே இருக்கும். இந்த மூன்றையும் பேட்டையில் குழந்தைகள்கூட ஒப்பிக்கும்.

அவனுக்குப் பிடிபடாத முகம் ஒன்றே ஒன்று. அவன் மனைவி நிதாலின் முகம். பெண் பார்க்கப் போன அன்று அவளுக்குச் சம்மதமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாமல் அம்மாவை இரண்டு தடவை உள்ளே அனுப்பிக் கேட்டானாம். "புரியாத முகம் ஒண்ணாவது வீட்ல இருக்கட்டுமேன்னுதான் கட்டிக்கிட்டேன்" என்பான். நிதால் அதைக் கேட்டு முகத்தில் எதையுமே காட்டாமல் டீயை வைத்துவிட்டுப் போவாள். இந்த வேடிக்கையைப் பார்க்கவே நான் அவர்கள் வீட்டுக்குப் போவேன்.

இந்த மனிதன்தான் போனில் பந்தயம் கட்ட ஆரம்பித்தான்.

முதலில் கால்பந்துதான். டீக்கடைத் தொலைக்காட்சியில் ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணியும் வரிசையாக நிற்கும் இல்லையா, அப்போது கஸ்வான் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று அந்த முகங்களைப் பார்ப்பான். இந்த கோல்கீப்பர் இன்றைக்கு விட்டுவிடுவான், அவன் வீட்டில் ஏதோ சண்டை என்பான். நான்கைந்து முறை அப்படியே நடந்தது. நாங்கள் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன், என்னையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நூற்றிருபது பேருக்குள் மோதிரம் எடுத்தவன் இருபத்திரண்டு பேரைப் படிக்கமாட்டானா என்று நாங்களே ஏற்றிவிட்டோம். உலகத்தில் யார் யாரோ எதற்காகவோ சூதாட்டத்தில் விழுகிறார்கள். மோதிர ஆட்டத்தில் கெட்டிக்காரன் என்பதற்காக விழுந்தவன் எங்கள் கஸ்வான் ஒருவனாகத்தான் இருப்பான்.

பிறகு முகமே இல்லாத ஆட்டங்களுக்குப் போனான். போனில் ஒரு சக்கரம் சுழலும், நிற்கும், அவ்வளவுதான். தோற்றால், தோற்றதை எடுக்க இன்னொரு சுற்று. ஜெயித்தால், கை ராசியாக இருக்கும்போதே இன்னொரு சுற்று. ஒரு வருடத்துக்குள் ஆளே மாறிவிட்டான். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் காதில் விழும். கடையிலிருந்த சாமான்கள் குறைந்துகொண்டே வந்தன. என் கூலர் மோட்டாரை எண்ணெய் போடக் கொடுத்திருந்தேன். கேட்கும்போதெல்லாம் நாளை என்றான். அந்த நாளை வரவே இல்லை. அந்தக் கோடை முழுவதும் நான் வெக்கை தாங்காமல் முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டு வியாபாரம் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, என் மோட்டாரும் அந்தச் சக்கரத்தில்தான் சுழன்றுகொண்டிருந்தது என்று. எனக்கு வந்த கோபத்தில் ஒரு பீப்பாய் முள்ளங்கி உப்புக் கரித்துப்போனது.

அடுத்த ரமலானின் மூன்றாம் நாள் நிதால் என்னை நோன்பு திறக்கக் கூப்பிட்டாள். மேசையில் பேரீச்சம்பழம், மோர், பருப்புச் சூப்பு. பாங்குக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. இரண்டு மகள்களும் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கஸ்வான் எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் ஒன்றும் சொல்லாதபோதே சிரித்தான். ஒரு கை மேசைமேல் இருந்தது. மற்றது மேசை விரிப்புக்குக் கீழே.

நிதால் சூப்புக் கரண்டியை வைத்துவிட்டு வந்து அவன் முன்னால் நின்றாள். நின்ற தோரணையைப் பார்த்ததும் மகள்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பில் கை, தலை ஒரு பக்கம் சாய்ந்து, ஒற்றைக் கண் சுருங்கி, அசல் கஸ்வானேதான். மேசைமேல் இருந்த கையைப் பார்த்து, இந்தக் கை வெறுங்கை என்று தள்ளினாள். அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். சிரிப்பு முன்னாடியே வந்தாச்சு, ஒன்று. கண் என்னைப் பார்க்கப் பயப்படுது, இரண்டு. மேசை விரிப்பு ஆடுது, கட்டைவிரல் வேலை செய்யுது, மூன்று. விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். கஸ்வானும்தான்.

"கொண்டா" என்றாள்.

பழக்கதோஷம், கை தானாக மேலே வந்துவிட்டது. போனில் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. நோன்பு திறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, சொந்த மேசையில், சொந்த மகள்களுக்கு முன்னால். சிரிப்பு ஒவ்வொருவரிடமாக நின்றது.

அவன் ஏதேதோ சொன்னான். கிட்டத்தட்டப் பிடித்துவிட்டானாம், அதன் போக்கு அவனுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டதாம், இன்னும் இரண்டு வாரம் போதுமாம்.

"எதோட போக்கு?" என்று கேட்டாள் நிதால். "பந்தாட்டத்துலயாவது மனுஷங்க இருக்காங்க. இதுக்கு மூஞ்சி எங்க இருக்கு, அபூ மைஸ்? நீங்க யாரைப் படிக்கிறீங்க?"

நிதால் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. விற்ற சாமான் போகட்டும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். "போன பெருநாளுக்கு அப்புறம் நீங்க என் முகத்தை ஒருதடவை கூடப் பார்க்கல. புரியலைன்னாவது முன்னெல்லாம் பார்ப்பீங்க. இது நோவு. நோவுன்னா மருந்து இருக்கும். வைத்தியம் பார்த்துக்கிறதா இருந்தா கூட இருக்கேன். இல்லேன்னா பெருநாள் மூணாம் நாள் எங்கண்ணன் ஹில்லாவுலேர்ந்து வண்டி கொண்டு வருவாரு. நானும் புள்ளைங்களும் போயிடுவோம்."

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தை யார் முதலில் எடுத்தது என்று எனக்கு நினைவில்லை. கஸ்வான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். அதைப் பார்த்ததும் மோட்டாரைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நான் கொண்டுபோயிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. நிதாலின் தோழி விசாரித்துச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலையில் நான்தான் கஸ்வானைக் கூட்டிக்கொண்டு போனேன். தனியாக விட்டால் பாலத்தில் திரும்பிவிடுவான் என்று நிதாலுக்குச் சந்தேகம். வாசலில் சீட்டு எழுதுகிற பெண் எங்கள் இருவரையும் பார்த்தாள். கஸ்வான் வெள்ளைச் சட்டையில் கல்யாண வீட்டுக்கு வந்தவன்போல நின்றான். என் காது வழக்கம்போல் சிவந்திருந்தது. அவள் என்னைப் பார்த்து, "எத்தனை வருஷமா விளையாடுறீங்க, ஹாஜி? பயப்படாதீங்க, இங்க எல்லாரும் சரியாயிருக்காங்க" என்று அவ்வளவு பரிவாகச் சொன்னாள். கஸ்வான் ஒரு வருடத்துக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். போகட்டும், என் முகம் ஒரு நல்ல காரியத்துக்காவது பயன்பட்டது.

டாக்டர் ஸுஹாத் ஒல்லியான, வேகமாகப் பேசுகிற பெண்மணி. அவனைத் திட்டவும் இல்லை, மார்க்கம் போதிக்கவும் இல்லை. கேள்விகள் கேட்டார். விட்டதைப் பிடிக்க மறுபடி ஆடினாயா, வீட்டில் பொய் சொன்னாயா, ஆடாத நாளில் எரிந்து விழுந்தாயா, அடுத்தவர் சாமானை விற்றாயா, நிறுத்தப் பார்த்து முடியாமல் போனதா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றவன் தலையைக் குனிந்துகொண்டான். இது புத்தி குறைவும் இல்லை, புத்தி அதிகமும் இல்லை என்றார் அவர். ஒரு நோய், ரொம்பப் பேருக்கு இருக்கிறது, சரியாகிறது. கெட்டிக்காரர்களுக்கு ஒரு நஷ்டம் கூடுதல். தங்கள் கெட்டிக்காரத்தனத்தால்தான் ஜெயிப்போம் என்று நம்பி ரொம்ப நாள் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். பணம் கொஞ்ச நாளைக்கு நிதால் கையில் இருக்கட்டும். போனிலிருந்து அந்த ஆட்டங்களை அழிக்க வேண்டும், கணக்குகளை மூட வேண்டும். ஆசை வரும்போது அது ஒரு அரை மணி நேரம் ஏறி, பிறகு தானாக இறங்கும். அந்த அரை மணி நேரம் தனியாக இருக்கக் கூடாது, கைக்கு வேலை இருக்க வேண்டும். ஒவ்வொரு செவ்வாயும் இங்கே ஆறேழு பேர் கூடிப் பேசுவார்கள், அதற்கு வர வேண்டும். வழுக்கினாலும் வர வேண்டும், வழுக்கியதைச் சொல்ல வேண்டும்.

கைக்கு வேலை என்றால் என் கடையில் பஞ்சமே இல்லை. ஆசை வந்தால் கஸ்வான் கூலர் கடையைச் சாத்திவிட்டு ஓடி வருவான். நான் ஒன்றும் கேட்காமல் கத்தியையும் ஒரு கூடை டர்னிப் கிழங்கையும் தள்ளுவேன். அரை மணி நேரம் தோல் சீவுவான். எழுந்து, கை கழுவி, சலாம் சொல்லிவிட்டுப் போவான். அந்த ரமலானில் என் கடையில் உரித்த கிழங்கு குவிந்ததுபோல் என்றைக்கும் குவிந்ததில்லை. பீட்ரூட் சாறு போதாமல் பாதிக் கிழங்கு வெள்ளையாகவே ஊறியது, வாங்கினவர்கள் இது என்ன புது வகையா என்று கேட்டார்கள்.

செவ்வாய்க் கூட்டத்தில் அவன் அடித்த லூட்டியும் உண்டு. வட்டமாக உட்கார்ந்த ஏழு பேரையும் முதல் நாளே படித்துவிட்டான். இவர் நேற்று ஆடினார், இவர் ஆடவில்லை ஆனால் ஆடினதாக நினைத்துப் பயப்படுகிறார், இவர் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை என்று ஒவ்வொருவரையும் "தலக்" போட்டுக்கொண்டே போனானாம். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இங்கே அவரவர் கையை அவரவர்தான் திறக்க வேண்டும், அடுத்தவர் கையைத் திறக்கும் வேலை தெருவில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அணிக்காரர்களிடமும் அவனே சொன்னான். நின்றுகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, யார் யார் மோட்டார் போனது என்று பெயர் சொல்லிச் சொன்னான். இரண்டு பேர் கத்தினார்கள், நியாயம்தான். கடைசியில் ஆட்டம் நடக்கும்போது எல்லாருடைய போனும் என்னுடைய காலிப் பீப்பாயில் கிடக்கட்டும் என்று முடிவானது, அவன் ஒருவனை மட்டும் சோதனை போடுகிற மாதிரி இருக்கக் கூடாது என்பதற்காக. அன்று முதல் பாபுஷ் ஷெய்க்கில் யார் போனை எடுத்துக் காதில் வைத்தாலும் வினிகர் வாசம் அடித்தது.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ரமலான் இருபதுக்குப் பிறகு கஸ்வான் மூன்று நாள் கிழங்கு சீவ வரவில்லை. நான்காம் நாள் வந்தான். நான் ஏன் வரவில்லை என்று கேட்குமுன்பே சிரித்தான்.

முகம் படிக்க எனக்கு வராது, ஆனால் அந்த விதி எனக்கும் தெரியுமே. வேலை அதிகம் என்றான். கிழங்கை எடுத்துச் சீவ ஆரம்பித்தான். தோலோடு பாதிக் கிழங்கும் போனது. நான் அவனிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான், அந்தப் பொய்யை நான் சுமக்க வேண்டும் என்று பயந்தேன். அன்று மாலை ரொட்டிக் கடையில் நிதால் எதிர்ப்பட்டாள். நான் வானத்தைப் பார்த்தேன், ரொட்டியைப் பார்த்தேன். அவள் என் காதை மட்டும் ஒருமுறை பார்த்தாள். "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அவள் மாடியில் இரண்டு பெட்டிகளை வெயிலில் காயவைத்திருந்ததைத் தெருவே பார்த்தது. கஸ்வானும் பார்த்தான்.

ரமலானின் கடைசி ஆட்டம் அக்கரை அணியோடு, எங்கள் பேட்டை முற்றத்தில் நடந்தது. விளக்குத் தோரணம், டீ, கொட்டுச் சத்தம், முந்நூறு பேர் கூட்டம். பெண்கள் என் வீட்டு மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், நிதால் முன்வரிசையில். அக்கரைத் தலைவர் ஹாஜி ஃபாலிஹ் நல்ல கில்லாடி. ஆட்டம் சரிசமமாக ஓடிக் கடைசிப் புள்ளிக்கு வந்து நின்றது. மோதிரம் எங்களிடம். நாங்கள் மறைக்க வேண்டும். அவர் கண்டுபிடித்தால் அவர்கள் வென்றார்கள், தவறினால் நாங்கள்.

கஸ்வான் போர்வைக்குள் கையை விட்டு வரிசையில் வர ஆரம்பித்தான். நான் வழக்கம்போல் ஜலேபி எந்தக் கடையிலிருந்து வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வந்தான். அவன் கை என் கைக்குள் வந்தது, ஒரு நொடி கூடுதலாக நின்றது. விலகியபோது என் உள்ளங்கையில் ஏதோ இருந்தது.

இருபத்திரண்டு வருடம்! எனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை. மோதிரம் எப்படி இருக்கும் என்றுகூட என் கைக்குத் தெரியாது; இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. கடைசிப் புள்ளிக்கு, உலகத்திலேயே பொய் சொல்லத் தெரியாத ஒருவன் கையில் இவன் மோதிரத்தை வைத்திருக்கிறான். பைத்தியமா இவனுக்கு? காது, கன்னம், கழுத்து என்று சூடு இறங்கிக்கொண்டே போனது. முதுகில் வியர்வை ஓடியது.

போர்வை எடுத்தார்கள். ஹாஜி ஃபாலிஹ் வந்தார். தலக், தலக், தலக். முகங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர், என்னைத் தாண்டி இரண்டடி போனார். நின்றார். மெதுவாகத் திரும்பினார். பாவம், தன் அதிர்ஷ்டத்தை அவராலேயே நம்ப முடியவில்லை. எங்கள் வரிசையில் யாரோ, முடிஞ்சுது, ஹிக்மத் கையில போய் வச்சிருக்கான் என்று முனகினார்கள்.

"வலது கை, ஊறுகாய்க்காரரே. கொண்டா!"

நான் கையைத் திறந்தேன். மோதிரம் இல்லை. சின்னதாக ஒரு சிம் கார்டு இருந்தது.

ஹாஜி ஃபாலிஹ் குனிந்து அதைப் பார்த்தார், இது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்கிற முகத்தோடு என்னைப் பார்த்தார். அதற்குள் எங்கள் வரிசைக் கோடியில் உட்கார்ந்தபடியே பாதித் தூக்கத்திலிருந்த செருப்புக் கடைக்காரர் தன் கையைத் திறந்து, "மோதிரம் எங்கிட்டத்தானே இருக்கு" என்றார். எங்கள் அணி எழுந்து கத்திய கத்தலில் புறாக்கள் பறந்தன. என்னைத் தூக்கினார்கள். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு என் முகம் ஒரு புள்ளி எடுத்துக் கொடுத்திருந்தது.

கஸ்வான் மட்டும் கத்தவில்லை. கொட்டு அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு என் உள்ளங்கையிலிருந்து அந்தச் சிம்மை எடுத்து எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தான்.

"இது நான் ஒளிச்சு வச்சிருந்த ரெண்டாவது நம்பர். எல்லாக் கணக்கையும் மூடினேன்னு சொன்னேன், ஒண்ணை மூடல. இந்த நம்பர் இல்லாம அது திறக்காது. மூணு நாள் ஆடினேன். வாயால சொல்லிடணும்னு நாலு நாளா பாக்குறேன், வரல. ஹிக்மத் அண்ணே கையில குடுத்தா அவர் முகமே சொல்லிடும்னு தெரியும். அதான் குடுத்தேன்."

விரல்களால் அதை இரண்டாக ஒடித்து என் பீப்பாயில் போட்டான். யாரும் கைதட்டவில்லை, தட்டலாமா என்று தெரியாமல் நின்றோம். கஸ்வான் திரும்பி மேல்மாடத்தைப் பார்த்தான். இரண்டு முஷ்டிகளையும் நீட்டினான், வரிசையில் உட்கார்ந்திருக்கிறவன் நீட்டுகிற மாதிரி. முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டான். போன பெருநாளுக்குப் பிறகு பார்க்காத நிதாலின் முகத்தை இப்போது பார்த்தான், அவளும் பார்க்கட்டும் என்று நின்றான்.

நிதால் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவசரமே படவில்லை. அவன் கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், கட்டைவிரல்களைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன இருக்கிறதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை.

"தலக்" என்றாள்.

அதன் பிறகு அங்கே நடந்ததை ஆர்ப்பாட்டம் என்று சொன்னால் போதாது. ஹாஜி ஃபாலிஹ் தோற்ற வருத்தத்தையே மறந்து கஸ்வானின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அன்று நான் எத்தனை ஜலேபி தின்றேன் என்று என் மனைவிக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் வேண்டாம். பெருநாள் மூன்றாம் நாள் ஹில்லா அண்ணனின் வண்டி சொன்னபடி வந்தது. நான்கு பேரும் ஏறிப் போய் ஒரு வாரம் விருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

மூன்று வருடமாகிறது. கஸ்வான் இன்றும் செவ்வாய்க்கிழமை காலையில் கடையைச் சாத்திவிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போகிறான். இப்போது புதிதாக வருகிறவர்களை வாசலில் நின்று அழைத்துப் போவது அவன்தான். எல்லார் மோட்டாரும் ஒவ்வொன்றாகத் திரும்பிவிட்டது, என்னுடையது கடைசியாக. என்றைக்காவது ஒருநாள் வந்து கிழங்குக் கூடையை இழுத்து வைத்துக்கொள்வான். நான் கத்தியைத் தள்ளுவேன். அரை மணி நேரம் கழித்து எழுந்து, இரண்டு கைகளையும் கழுவி, என் முன்னால் நீட்டுவான். எனக்கு முகம் படிக்க வராது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் நான் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் "தலக்" சொல்வேன்.